நாலு தரம் திருத்திய எண்

போன மாதம் எங்கள் தொழில்காரரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஐயா, இப்ப காரின்ர கணினிப் பதிவை எடுத்துப் போனில அனுப்பினா, வெளிநாட்டில இருக்கிறவன் அரை மணித்தியாலத்தில டியூன் பண்ணித் திருப்பி அனுப்புறான். பிறகேன் டைனோ?" அதற்குக் கீழே ஒரு கூட்டமே சிரித்த முகம் போட்டிருந்தது. ஓய்வு பெற்றவன் கோபப்படுவான், நாலு பேர் பார்த்து ரசிக்கலாம் என்ற நினைப்பு. எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வெளிநாட்டுத் தம்பியின் கணக்கு என்னுடையதைவிடத் திறமாக இருக்கவும் கூடும். ஆனால் அவர் அங்கே இருந்துகொண்டு பார்க்க முடியாத ஒன்று உண்டு. அதை இரண்டு வரியில் எழுதினால் விளங்காது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

டைனோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நிலத்தில் பதித்த பெரிய உருளைகளின் மேல் காரை ஏற்றி, நான்கு பக்கமும் பட்டியால் இறுக்கிக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிடுவது. சில்லு உருளையைச் சுற்றும். அதிலிருந்து எஞ்சினின் வலு எவ்வளவு என்று திரையில் கோடு கீறும். எஞ்சினை மாற்றி, டர்போ பூட்டி, போட்டிக்கு ஓடுகிறவர்கள் எங்களிடம் வருவார்கள். எந்த வேகத்தில் எவ்வளவு பெற்றோல், எப்போது தீப்பொறி என்று காரின் கணினிக்குள் இருக்கும் எண்களை அந்தக் காருக்கு ஏற்றபடி திருத்திக் கொடுப்பதுதான் என் வேலை. பதினான்கு வருடம் அதைக் கிளிநொச்சியில் செய்தேன். நன்றாகச் செய்தேன். இதில் எனக்குப் பொய்யான அடக்கம் இல்லை.

அதற்கு முந்திய கதை நீளமானது, சுருக்கமாகவே போதும். என் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து விசுவமடுவில் காடு வெட்டிக் குடியேறியவர். நான் உழவு இயந்திரம் திருத்திப் பழகி, கொழும்பில் கராஜ்களில் நின்று, பிறகு வளைகுடாவில் ஒன்பது வருடம் ஓட்டப் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டினேன். ஊருக்குத் திரும்பியபோது நாற்பத்தைந்து வயது. இனி வயலும் நானும் என்றிருந்தவனை வேலைக்குக் கூப்பிட்டது என்னைவிடப் பதினொரு வயது இளைய ஒரு பெண்.

அவர் பெயர் தர்சினி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடுத் தண்ணீரில் நெல் செய்த குடும்பம். பொறியியல் படித்து, வெளிநாட்டில் பந்தயக் குழு ஒன்றில் வேலை செய்துவிட்டு வந்து, தகப்பனுடைய பழைய நெல் ஆலையின் களஞ்சியத்தில் டைனோவைப் பதித்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்போம். அவர் என்னை அண்ணை என்பார். கராஜில் வேலை செய்கிறவர்கள் பொதுவாகக் கத்திக் கதைத்துப் பழகியவர்கள். மிஸ் கத்தியதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒருவன் பிழை விட்டால் "பிழை" என்றும் சொல்லமாட்டார். "இன்னொருக்காப் பாப்பமே?" என்பார். அந்தக் கேள்வி வந்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டு முதலிலிருந்து பார்ப்போம். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும்.

அவருடைய முறைகள் எங்களுக்குத் தொடக்கத்தில் எரிச்சலாகத்தான் இருந்தன. கார் வந்த அன்று உருளையில் ஏற்றக்கூடாது. முதல் நாள் பார்வை மட்டும்: எண்ணெய், தண்ணீர், ரயரின் வயது, சில்லு நட்டுகள், குழாய்களில் கசிவு. ரயரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். ஒரு வெடிப்புத் தென்பட்டால் எவ்வளவு கெஞ்சினாலும் கார் ஏறாது. பட்டி கட்டியவன் ஒருவன், சரிபார்ப்பவன் இன்னொருவன். காரின் சொந்தக்காரர் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கதிரையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காதில் கேட்கும் கருவி கட்டாயம். எஞ்சினுக்குள் தட்டல், அதாவது பெற்றோல் நேரம் தப்பி வெடிக்கும் சத்தம், வந்தால் முதலில் அதுதான் சொல்லும். மூன்று ஓட்டமும் ஒரே கோட்டில் விழுந்தால்தான் தாளில் வலு எழுதலாம். தாளில் காரை ஓட்டப்போகிறவரின் பெயருக்கு ஒரு இடம், டியூன் செய்தவரின் கையெழுத்துக்கு ஒரு இடம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி இருந்தது. "ஒரே எண்ணை ரெண்டாந்தரம் திருத்த வேண்டி வந்தா, கையைக் கீபோர்ட்டில இருந்து எடுங்கோ அண்ணை. எழும்பிக் காருக்குப் போங்கோ. பிழை எண்ணில இல்லை, காரில இருக்கு." நான் சேர்ந்த முதல் கிழமையே இதைச் சொன்னார். நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

முதல் இரண்டு வருடம் எல்லாத் தாளிலும் மிஸ்தான் கையெழுத்து வைப்பார். வளைகுடாவில் ஒன்பது வருடம் கிழித்த எனக்கு அது உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. அப்படியிருக்கும்போதுதான் அல்போன்ஸின் கார் வந்தது.

அல்போன்ஸ் நாயாற்றில் மூன்று படகு வைத்திருக்கும் சம்மாட்டி. கடற்கரையில் நின்று கூப்பிட்டால் படகில் இருப்பவனுக்குக் கேட்கும் குரல். பழைய ஜப்பான் கார் ஒன்றை, பின்சில்லு இழுக்கிற வகை, இரண்டு வருடமாகத் தானே கட்டி டர்போ பூட்டியிருந்தார். தெற்கே ஒரு விமான ஓடுபாதையில் ஞாயிற்றுக்கிழமை போட்டி. "ஆர் ஓட்டுறது?" என்று கேட்டேன். "நான்தான், வேற ஆர்?" என்றார். தாளில் அவருடைய பெயரை எழுதினேன்.

வியாழக்கிழமை காலையில் மிஸ் வவுனியா போக வேண்டியிருந்தது. புறப்படும்போது வாசலில் நின்று, "இண்டைக்கு நீங்களே கையெழுத்தை வையுங்கோ அண்ணை" என்றார். சும்மா சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்கோ கால் நிலத்தில் நிற்கவில்லை.

அந்தக் காரில் ஒரு சிக்கல் இருந்தது. பின்பக்கம் பாரம் குறைவு, உருளையில் சில்லு வழுக்கியது. மற்ற இடங்களில் என்றால் டிக்கிக்குள் நாலு பேரை ஏற்றி இருத்துவார்கள். மிஸ் அதைத் தடைசெய்திருந்தார், பட்டி அறுந்தால் மனிதர் போய்விடுவார்கள். அது காலபோக நெல் வெட்டு நேரம். எங்கள் வயலில் முதல் நாள்தான் வெட்டு மெஷின் இறங்கியிருந்தது. தூற்றாத நெல் பத்து மூட்டை என் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வீட்டு வாசலிலேயே நின்றது. ஆள் அனுப்பி அப்படியே எடுப்பித்தேன். நாலு மூட்டை டிக்கிக்குள் போனது, சில்லு வழுக்கல் நின்றது. மிச்சம் ஆறையும் தேவைப்பட்டால் எடுக்கலாம் என்று பெரிய காற்றாடிக்குப் பின்னால் சுவரோடு அடுக்கினேன். அந்தக் காற்றாடி ஆளுயரமானது. பின்னால் காற்றை இழுத்துக் காரின் முகத்துக்கு அடிக்கும். என் மூளைக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். அல்போன்ஸின் காற்று வடிகட்டியைக் கழுவிவிட்டு எண்ணெய் பூசினேன். வன்னிப் புழுதிக்கு நாங்கள் எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே பூசுவோம். அன்று இன்னும் தாராளம்.

முதல் ஓட்டத்தில் மேல்வேகத்தில் பெற்றோல் குறைவு என்று திரை காட்டியது. அந்த இடத்து எண்ணைக் கூட்டினேன். இரண்டாம் ஓட்டம், திரும்பவும் குறைவு, திரும்பவும் கூட்டினேன். இங்கே நான் எழும்பியிருக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அல்போன்ஸும் அவருடைய ஆட்கள் ஐந்தாறு பேரும் நின்று, கோடு ஒவ்வொரு தரமும் மேலே ஏற ஏறக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் பார்த்திருக்க, ஒன்றும் தெரியாதவன் போல எழும்பிப்போய்க் காரைக் குனிந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாந்தரம் கூட்டினேன். நாலாந்தரமும் கூட்டினேன். பிறகு மூன்று ஓட்டம் ஒரே கோட்டில் விழுந்தது. கடைசி ஓட்டத்தில் காதுக் கருவி என் கழுத்தில் தொங்கியது, காதில் இல்லை. முந்நூற்றெட்டுக் குதிரைவலு. கையெழுத்து வைத்தேன். அல்போன்ஸ் என்னைக் கட்டிப்பிடித்தார். என்னிடம் மீன் மணம் இரண்டு நாள் போகவில்லை.

அன்று முழுக்க எனக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது. வயல்காரன் மகனுக்குப் புது நெல் மூட்டை தூக்கினால் கை அரிக்கும் என்பது புதுச் செய்தியா? சுணை. நெல்லின் உமியில் இருக்கும் மெல்லிய முள்மயிர். சொறிந்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மூட்டைகளை அகற்றும்போது காற்றாடியின் பின்வலையைப் பார்த்தேன். வலை முழுக்கப் பூனைக்குட்டியின் வயிறு மாதிரி மஞ்சள் பூப்பூத்திருந்தது. சுணை. அப்படியே நின்றேன். ஓடிப்போய்க் கணினியில் முதல் நாள் பதிவைத் திறந்தேன். நாலு திருத்தம், நாலும் ஒரே இடத்தில், நாலும் ஒரே பக்கமாக.

எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்க ஒரு சென்சர் இருக்கிறது. அதற்குள் மயிர் போல ஒரு சூடான கம்பி. அதில் அழுக்கு ஒட்டினால் காற்றைக் குறைத்துச் சொல்லும். நான் அள்ளிப் பூசிய எண்ணெய் வடிகட்டியிலிருந்து கசிந்து கம்பியில் படிந்திருக்கும். அதில் சுணை போய் ஒட்டியிருக்கும். காற்றுக் குறைவென்று சென்சர் சொன்னால், காரின் கணினி பெற்றோலைக் குறைக்கும், தீப்பொறியையும் முந்திக் கொடுக்கும். குறைந்த பெற்றோலை நான் கையால் கூட்டிச் சரிக்கட்டிவிட்டேன். முந்திய தீப்பொறி அப்படியே இருந்தது. அதனால்தான் அவ்வளவு வலு. நாலு செக்கன் ஓட்டத்தில் எஞ்சின் தாங்கும். நீண்ட ஓடுபாதையில் முழு வேகத்தில் தாங்காது. பிஸ்டன் உருகி, எண்ணெய் பின்சில்லில் ஊற்றினால், இருநூறு கிலோமீற்றர் வேகத்தில் உள்ளே இருப்பவனின் கதி என்ன? 

மிஸ் வந்ததும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, காதுக் கருவி உட்பட. அவர் காற்றாடி வலையிலிருந்து ஒரு கிள்ளு சுணையை எடுத்து விரல்களுக்கு இடையில் உருட்டிப் பார்த்தார்.

"எத்தினை தரம் திருத்தினியள்?"

"நாலு."

மிஸ் போனை எடுத்தார். அல்போன்ஸின் எண்ணுக்கு அழைத்தார். தொடர்பு இல்லை, ஆள் கடலில்.

"தாளில ஆரின்ர கையெழுத்து?"

"என்ர."

"அப்ப நீங்கதான் போக வேணும் அண்ணை. போனில சொல்லுற விசயமில்லை." பிக்கப்பின் திறப்பை எடுத்துத் தந்தார். "காரை எப்பிடியாவது நிப்பாட்டுங்கோ."

பரந்தனில் திரும்பி, விசுவமடுவில் என் வீட்டு வாசலைக் கடந்து, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு என்று நாயாற்றுக்குப் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வளைகுடாவில் இப்படி நடந்திருந்தால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டியிருப்போம். இங்கே காட்ட வேறு ஆள் இல்லை.

அல்போன்ஸின் வீட்டில் கார் இல்லை. மனைவி மீன் காயவிடும் வாடியில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

"அவர் கடலால வரேல்லை. காரை மகள் கொண்டு போயிட்டாள்."

"மகளோ? ஏன்?"

"பழகத்தான். நாளையிண்டைக்கு அவள்தானே ஓடுறது." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அவர் சொல்லேல்லையே?" என்று கேட்டார்.

எந்த வீதி என்று கேட்டுக்கொண்டு பிக்கப்பில் பாய்ந்தேன். கொக்கிளாய்ப் பக்கம் போகும் நேர் வீதி. பாலம் தாண்டி ஒரு மைல் கட்டை போனதும் தூரத்தில் அந்த டர்போவின் விசில் கேட்டது. பிக்கப்பைக் குறுக்கே நிறுத்தி, இறங்கி நடுவீதியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். கார் எனக்கு முன்னால் வந்து நின்றது. ஹெல்மெற்றைக் கழற்றிய பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். பெயர் மெர்லின். மீன் ஐஸ் லொறி ஓட்டுகிறவள் என்று பிறகு அறிந்தேன்.

"ஆர் நீங்கள்? ஏன் மறிக்கிறியள்?"

"நான்தான் இந்தக் காரை டியூன் பண்ணினவன். பிழையாப் பண்ணிப்போட்டன். எஞ்சினை நிப்பாட்டு பிள்ளை."

நிறுத்தினாள். எத்தனை தரம் அக்ஸிலரேட்டரை முழுதாக அமத்தினாய் என்று கேட்டேன்.

"மூண்டு தரம். ஆனா நாலாம் கியருக்குப் போகேல்லை. அதில ஒரு சத்தம் வருது அங்கிள். சல்லிக்கல்லைத் தகரப்பேணியில போட்டுக் குலுக்கின மாதிரி. கேட்ட உடன காலை எடுத்திட்டன். நேற்று முதல்தரம் ஓடேக்கையே கேட்டு, அப்பா கடலுக்குப் போக முந்திச் சொன்னனான். கிளிநொச்சியில திறமான ஆள் செய்தது, ஒண்டும் இராது எண்டவர்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு எனக்கு வந்த வெட்கத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. திறமான ஆள் கழுத்தில் தொங்கவிட்டிருந்ததை இவள் வெறுங்காதால் கேட்டிருக்கிறாள். அவள் காலை எடுத்திராவிட்டால் என்ற நினைப்பு வந்ததும் வீதியோரத்தில் குந்திவிட்டேன். போத்தல் தண்ணீர் அவள்தான் தந்தாள்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். அல்போன்ஸ் கரைக்கு வந்ததும் வலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்களுக்கு முன்னாலேயே சொன்னேன். முகம் கறுத்தது.

"முந்நூற்றெட்டு எண்டு ஊரெல்லாம் சொல்லிட்டன். இப்ப வந்து பிழை எண்டுறியள்."

"ஓம். அந்த முந்நூற்றெட்டுப் பொய். உண்மையான வலு அதிலும் குறைவு."

சென்சரைக் கழற்றி அவருடைய கையில் வைத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தால் கம்பியில் மஞ்சள் மயிர் தெரிந்தது. அவருக்கு அது என்னவென்று விளங்கவில்லை, கடல்காரர். நெல் விளையும் துணுக்காயிலிருந்து வாழ வந்த மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "சுணையெல்லே இது. கடற்கரையில வச்சிருக்கிற காருக்கு எங்கால வந்தது?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை, நான் மட்டும் சிரித்தேன். பயம் தெளிந்தால் எனக்கு அப்படித்தான்.

பிறகு நானும் கேட்டேன். "நீங்க ஏன் உங்கட பேரைச் சொன்னியள்? ஓட்டுறவ வந்து இருந்திருந்தா அந்தச் சத்தத்தை அண்டைக்கே பிடிச்சிருப்பா."

அல்போன்ஸ் கடலைப் பார்த்தார். "பொம்பிளைப் பிள்ளை ஓடுறாள் எண்டா ஊர் கதைக்கும். ஓடி முடிச்சாப் பிறகு கதைக்கட்டும் எண்டு இருந்தனான்." குரல் முதல்தரம் தணிந்திருந்தது. கோபமும் அதோடு போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தார்கள். களஞ்சியத்தை நான் விடியவே கழுவியிருந்தேன். பாரத்துக்கு அல்போன்ஸ் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைச் சாக்கில் கொண்டுவந்திருந்தார். மிஸ் அதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "இனி எங்களுக்கும் இதுதான்" என்றார். சென்சரைக் கழுவிக் காயவிட்டோம். வடிகட்டியின் எண்ணெயைத் துடைத்தெடுத்தோம். எஞ்சினுக்குள் கமரா விட்டுப் பிஸ்டன்களைப் பார்த்தோம். மூன்றாவதில் ஊசி குத்தினதுபோல நாலைந்து புள்ளி, வேறு சேதமில்லை. நான் கூட்டிய நாலையும் அழித்துப் பழைய எண்ணிலிருந்து தொடங்கினேன். மெர்லின் ஓட்டுநர் ஆசனத்தில் இருந்தாள். காதுக் கருவி இரண்டு, ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு முதலில் அவளைத்தான் பார்த்தேன். அவள் தலையசைத்த பிறகே திரையைப் பார்த்தேன். எந்த எண்ணையும் இரண்டாந்தரம் தொட வேண்டி வரவில்லை.

இருநூற்றெண்பத்தொரு குதிரைவலு. மூன்று ஓட்டமும் ஒரே கோடு.

புதுத் தாளை மிஸ் என் பக்கம் தள்ளினார்.

"நீங்க வையுங்கோ மிஸ்," என்றேன். "நான் வச்ச சீத்துவம் தெரியும்தானே."

"நேற்று நாயாற்றுக்குப் போனது நானோ?" என்றார். "வையுங்கோ அண்ணை."

வைத்தேன். ஓட்டுபவர் பெயரை மெர்லின் தானே எழுதினாள். அல்போன்ஸ் பார்த்துக்கொண்டு நின்றார்.

குழுவில் அந்தத் தம்பி கேட்டதற்கு என் பதில் இதுதான். போனில் போன பதிவில் அந்த நாலு திருத்தமும் வடிவாகவே தெரிந்திருக்கும். வெளிநாட்டுத் தம்பியும் ஐந்தாந்தரம் வடிவாகத் திருத்தி அனுப்பியிருப்பார். எவர் செய்தாலும் எங்கிருந்து செய்தாலும் காருக்குப் பக்கத்தில் எழும்பிப் போக ஒரு ஆள் வேண்டும். நானே ஒருநாள் எழும்பாமல் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போட்டிக்குப் போகவில்லை. நெல்லுக் காயவிட்டிருந்தேன். கையில் பிடித்த போனோடு முற்றத்தில் நடந்து நடந்து நெல்லையும் மிதித்து மனுசியிடம் ஏச்சும் வாங்கினேன். பின்னேரம் அழைப்பு வந்தது. பின்னால் ஒரே இரைச்சல், அல்போன்ஸ் யாரோடோ கத்திக் கதைப்பது கேட்டது.

"அங்கிள், மெர்லின்," என்றாள். "நாலாம் கியரிலயும் கடைசிவரை அமத்தினனான். அந்தச் சத்தம் வரேல்லை."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லது பிள்ளை, நல்லது என்று இரண்டு மூன்று தரம் சொன்னேன், அவள் வைத்துவிட்டாள். எத்தனையாவதாக வந்தாய் என்று கேட்கவேண்டும் என்ற நினைப்பே எனக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது.